கையில காசு குறைவெண்டாலும் கண்டி

"கண்டியோ? அங்க போனா காசு கரைஞ்சிடும்" எண்டு ஒரு சிநேகிதி சொன்னா.
கேட்க மனம் பொறுக்கேல்லை. அதான் எழுதிறன்.

போன கிழமை பிள்ளைகளோட அங்கதான் நிண்டனாங்கள்.

வாவியைச் சுத்தி நடக்க ஒரு சதமும் தேவையில்லை.
3 கிலோமீற்றருக்கு மேல, மர நிழல்.
கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல கட்டுவிச்ச வாவி. அந்த மனுசன் 1832இல வேலூரில கைதியாவே கண்ணை மூடினவர்.

ஆனா என்ர மனசு நிண்டது நகரத்துக்கு வெளியில.

காலமை எம்பெக்க பஸ் எடுத்தம். கதிர்காமக் கந்தனுக்கான தேவாலயம்.
மரத்தூண்களில மல்லர், ஆடுற பெண், இரட்டைத்தலைப் பறவை. சின்னவன் ஒரு தூணையும் விடாமச் சுத்திச் சுத்திப் பாத்தான்.

அங்கயிருந்து வயல்கரையால நடந்தா லங்காதிலக விகாரை.
1344இல கட்டினது.
பாறையில சிங்களக் கல்வெட்டு. அதோட தமிழ்க் கல்வெட்டும்!
மகளுக்கு அதைக் காட்டேக்க எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. எங்கட பாடப்புத்தகத்தில இதை ஒருத்தரும் சொல்லித்தரேல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி கடலாதெனிய விகாரை. அதுவும் அதே காலம்தான். கட்டின சிற்பி கணேஸ்வராசாரி, தென்னிந்தியர்.

சாப்பாடு, கட்டிக்கொண்டு போன பாணும் சம்பலும். வழியில பெட்டிக்கடைப் பிளேன்டீ.

வான் பிடிக்காதேங்கோ. பஸ்ஸில போய் நடவுங்கோ.
பிள்ளைகளை லங்காதிலகத்துக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ.
அந்தப் பக்கம் வேற எங்க தமிழ்க் கல்வெட்டு இருக்கு? தெரிஞ்சவை சொல்லுங்கோ, அடுத்த லீவுக்குப் போவம்.