எரிந்த குறிப்புகள், எஞ்சிய ஊர்

இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் எழுதிய ‘தி ரிமெம்பர்டு வில்லேஜ்’ 1976இல் வெளிவந்தது. மைசூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைப் பற்றிய இனவரைவியல் நூல் அது. ஊருக்கு அவர் இட்ட புனைபெயர் ராம்புரா. நூலின் பெரும்பகுதி நினைவிலிருந்தே எழுதப்பட்டது. களக்குறிப்பையே ஆதாரமாகக் கொள்ளும் ஒரு துறையில் இப்படியொரு நூல் எப்படிப் பிறந்தது என்று தேடிப் போனால், முதலில் எதிர்ப்படுவது ஒரு தீ.

ராம்புரா பற்றிய முழு நூலை எழுதவே சீனிவாஸ் 1970இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டிலுள்ள உயராய்வு மையத்துக்குச் சென்றிருந்தார். வியட்நாம் போர் எதிர்ப்பால் அமெரிக்க வளாகங்கள் கொந்தளித்திருந்த காலம் அது. ஏப்ரல் 24 அன்று அந்த மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். 18 ஆண்டுகளாகப் பகுத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் அவருடைய அறையிலேயே இருந்ததால் மூன்றும் அழிந்தன. களத்தில் எழுதிய மூலக் குறிப்பேடுகள் டில்லியில் தப்பின. ஆனால் அவற்றிலிருந்து மறுபடி தொடங்குவதென்றால் இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அந்த நிலையில், நினைவில் நிற்பதைக் கொண்டே எழுதலாமே என்று அவரைத் தூண்டியவர் அமெரிக்க மானிடவியலாளர் சோல் டாக்ஸ்.

நினைவில் நின்றது எது என்பதை அறிய 1948க்குப் போக வேண்டும். ஆக்ஸ்போர்டில் சீனிவாஸுக்கு விரிவுரையாளர் பணி தந்த மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிச்சர்ட், முதல் ஆண்டைக் களப்பணிக்கே விட்டுக்கொடுத்தார். சாதியைச் சாத்திர நூல்கள் வழியாகப் பார்ப்பது வேறு, ஊருக்குள் இருந்து பார்ப்பது வேறு என்பதில் சீனிவாஸ் உறுதியாக இருந்தார். ராம்புராவைத் தேர்ந்ததில் ஆய்வுக் காரணத்தோடு மனக்காரணமும் உண்டு. அவருடையது தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பம். முன்னோர் வாழ்ந்த ஊர் அந்தப் பக்கம்தான்.

ஊர்த் தலைவர் அவருக்கு எருதுகள் கட்டும் வீட்டில் இடம் கொடுத்தார். ஊராரின் வரவும் போக்கும் பேச்சும் அங்கே ஓயவில்லை. தனித்து உட்கார்ந்து எழுத இடமில்லாவிட்டாலும், ஊர் நடப்பு தானே வந்து காதில் விழுந்தது. ஆனால் ஊரும் அவரைக் கவனித்தபடி இருந்தது. ஒரு நாள் அவர் குளித்த பிறகு முகம் மழித்தபோது, படித்த பிராமணர் இப்படிச் செய்யலாமா என்று ஊர்த் தலைவர் கடிந்துகொண்டார். ஆச்சாரத்தில் அக்கறையற்ற நகரத்து மனிதரை, பிராமணர் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடக்க வைத்தவர்கள் வேளாண் சாதியினரான ஒக்கலிகர்கள். சடங்குத் தகுதியில் பிராமணருக்குக் கீழே வைக்கப்பட்டாலும், எண்ணிக்கையும் நிலமும் கொண்டு ஊரை நடத்தியது அவர்களே. ‘ஆதிக்க சாதி’ என்னும் கருத்தை அவர் 1959இல் விரித்து எழுதியது ராம்புரா அனுபவத்தை வைத்துத்தான்.

இதே இருப்பிடம் அவர் பார்வைக்கு எல்லையும் வகுத்தது. தலைவரின் விருந்தாளியாக, பிராமணராக இருந்தவரால் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களின் தெருவில் தாராளமாகப் பழக முடியவில்லை. பெண்களோடு பேசவும் வாய்ப்பு குறைவு. தம் பார்வை மேல்சாதி நிலவுடைமையாளரின் பக்கம் சாய்ந்தது என்பதை அவரே நூலில் ஒப்புக்கொள்கிறார். பழைய இனவரைவியல் நூல்கள் பலவற்றில் காணக் கிடைக்காத நேர்மை இது. எனினும் ஒப்புக்கொண்டதால் குறை நீங்கிவிடவில்லை. அந்தத் தெருவின் குரல் நூலில் மெலிந்தே ஒலிக்கிறது.

குறிப்புகள் எரிந்ததில் புள்ளிவிவரச் செறிவு குறைந்தது, மனிதர்கள் முன்னுக்கு வந்தார்கள். ஊரின் முக்கியப் புள்ளிகள் மூவருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர்களின் கோபமும் பெருமையும் கணக்குப் பார்க்கும் விதமும் அதில் துலக்கமாகத் தெரிகின்றன. அட்டவணைகள் கையில் இருந்திருந்தால் இவ்வளவு உயிரோட்டம் கூடியிருக்குமா என்பது ஐயமே. நினைவை ஆய்வாதாரமாகக் கொள்ளலாமா என்ற கேள்வியும் உடனே எழுந்தது. ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இண்டியன் சோஷியாலஜி’ என்னும் ஆய்விதழ் 1978இல் இந்நூலை விவாதிக்கத் தனி இதழே கொண்டுவந்தது.

களப்பணிக்குக் கிளம்பும் மாணவர்கள், சாதி உறவுகள் பற்றிய ஆறாம் அத்தியாயத்துக்குத் தாவிவிடாமல், அவர் எங்கே தங்கினார், யாரோடு பழகினார் என்று சொல்லும் இரண்டாம் அத்தியாயத்தை முதலில் படிக்க வேண்டும்.