ஆடிக் காற்றும் அடுக்குத் தும்மலும்

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் கப்பலுந்தான் நினைவுக்கு வரும். பெரிய அளவில் முத்துக் குளிப்பது 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. உப்பும் கப்பலும் இருக்கின்றன. ஆனால், உத்தியோக மாற்றலில் சென்னையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ இங்கே குடி வருகிற இல்லத்தரசியை முதலில் வரவேற்பது இவை எதுவுமல்ல, தும்மல்!

வைகாசி பிறந்தால் மேல்காற்று ஆரம்பம். தென்மேற்குப் பருவக் காற்று மழையில் பெரும் பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக வறண்டுபோய் இந்தப் பக்கம் ஓடி வருகிறது. வரும்போது வழியிலுள்ள புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே குதிரைமொழித் தேரியைப் பார்த்திருக்கிறீர்களா? குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல் செக்கச்செவேலென்ற மணல் மேடுகள்! மணலில் இரும்புத் துரு படிந்ததால் வந்த நிறம் அது. கண்ணுக்கு அழகு, மூக்குக்கு அல்ல.

“விளக்குமாத்தைத் தொடாதீங்க, மதினி! ஈரத் துணியாலே துடைங்க” என்பது பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குச் சொன்ன முதல் பாடம். பெருக்கினால் தூசி கிளம்பி மறுபடி மூக்குக்கே வருமாம். காற்று வலுக்கும் பகல் வேளையில் மேற்கு ஜன்னலைச் சாத்துவதும், துணிகளை விடியற்காலையிலேயே உலர்த்தி எடுப்பதும் அடுத்த பாடங்கள். தலையணை உறைகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைப்பதும் நல்லது.

இவற்றுக்கெல்லாம் கட்டுப்படாத ஒன்றும் உண்டு. தும்மல் இளைப்பாக மாறி, இரவில் குழந்தையின் நெஞ்சு ‘கீச் கீச்’சென்று ஒலித்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் இன்ஹேலர் கொடுத்தால், “பழக்கமாகிவிடுமே!” என்று பயந்தும், பெண் குழந்தையானால் “நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்வார்களோ!” என்று மறுகியும் அதைப் பீரோவுக்குள் ஒளித்து வைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இன்ஹேலர் ஆளை அடிமையாக்கும் வஸ்து அல்ல. மருந்து நேரே மூச்சுக் குழாய்க்குப் போவதால் சிறிதளவே போதும். ஒளித்து வைப்பதில்தான் ஆபத்து.

காற்றை நாம் வைகிறோம். ஆனால் இதே வறண்ட காற்றும் வெயிலுந்தான் அளங்களில் உப்பை விளைய வைக்கின்றன. அங்கே முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு உப்புச் சுமக்கும் பெண்களுக்குச் சாத்திக்கொள்ள ஜன்னல் ஏது? ஐப்பசியில் வாடைக் காற்று மழையைக் கொண்டு வந்து புழுதியை அடக்கும். நமக்கு மூச்சு நிம்மதியாக வரும். ஆனால் மழையில் உப்பு வேலையும் நின்றுவிடும். அந்த வீடுகளில் அடுப்பு எரிவதே கஷ்டமாகிப் போகும்.