பொத்தானும் அழைப்பு மணியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழிக் கல்வி பெற்றவன் நான். 'பூத்தோன்' என்றால் எங்களுக்குச் சட்டைப் பொத்தான். பூமொட்டுக்கும் அதே சொல்தான். பேத்தி ஜாவா படிக்கத் தொடங்கிய பிறகு கணினித் திரையின் பொத்தானும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

ஜாவாவில் திரை அமைக்க 'ஸ்விங்' என்றொரு தொகுப்பு உண்டு. 1998-இல் ஜாவா 1.2 உடன் வந்தது. அதில் ஜன்னல், பொத்தான், எழுதும் கட்டம் எல்லாமே தனித்தனி 'ஆப்ஜெக்ட்'. தன்னை யாரோ அழுத்தினார்கள் என்று சொல்வதோடு பொத்தானின் வேலை முடிந்தது. அதைக் கேட்டுக் காரியம் செய்ய 'லிசனர்' வேண்டும். அதிகாரியின் மேசை மணியும் அப்படித்தானே? வெளியே பியூன் காதில் விழுந்தால்தான் ஃபைல் நகரும்.

ஆனால் ஸ்விங்கில் எல்லா மணிக்கும் ஒரே பியூன். அவரையே ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிட்டால் வாசலில் ஆள் இல்லை. திரை உறைந்து நிற்கும். நாம் பொறுமையிழந்து நாலு முறை அழுத்துவோம். அவர் திரும்பி வந்து நாலுக்கும் பதில் சொல்வார்! நீண்ட வேலைக்கு வேறு ஆளை அனுப்பத்தான் 2006-இல் ஜாவா 6 'ஸ்விங்வொர்க்கர்' என்பதைத் தந்தது.

ஓய்வூதிய விவரம் பதியும்போது திரை நின்றுவிட்டால், "நான்தான் எதையோ கெடுத்துட்டேன்" என்று என் வயதுக்காரர்கள் கையை எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு அவர்கள் விரலில் இல்லை.

பேத்தியிடம் சொன்னேன்: "அழுத்தினதும் பொத்தானை மங்க வச்சிடும்மா. 'வேலை நடக்கிறது, காத்திருங்கள்' என்று ஒரு வரி போடு. நாங்க காத்திருப்போம்."

"சரி தாத்தா" என்றாள்.