சமையலறைச் சாட்சிகள்

இங்கிலாந்தில் ‘த ஆர்ச்சர்ஸ்’ என்றொரு வானொலித் தொடர் நாடகம் ஓடுகிறது. 1951 ஜனவரி 1ஆம் திகதி நாடு முழுவதற்குமாக ஒலிபரப்பத் தொடங்கியது, இன்றுவரை முடியவில்லை. உணவுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த அந்தக் காலத்தில், விவசாயிகளுக்குப் புதுமுறைகளைக் கதையோடு கதையாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பி.பி.சி. போட்ட திட்டம் அது. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம். பசு கன்று போடும், மழையில் வைக்கோல் நனையும், பூங்கன்றுப் போட்டியில் இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள். வந்த புதிதில் எனக்கு அதைக் கேட்டால் கொட்டாவிதான் வரும்.

கேட்காமல் இருக்கவும் வழியில்லை. முதியவர்களின் வீடுகளுக்கு மாலையில் போய், சாப்பாடு சூடாக்கி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, படுக்க வைத்துவிட்டு வருகிற வேலை எனக்கு. அந்தச் சுற்றில் ஒரு வீட்டில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். ஏழு மணிக்கு ‘பார்விக் கிறீன்’ இசை தொடங்கிவிட்டால் கெட்டில்கூடக் கொதிக்கக் கூடாது. பதின்மூன்று நிமிடத்துக்கு நானும் கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பேன். முடிந்ததும் யார் யாருக்கு என்ன உறவு என்று பாடம் நடத்துவார். சொந்தக்காரரின் வம்சாவளியைக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

றொப் டிச்சனர் அந்தக் கிராமத்துக்கு வந்தது 2013இல். பண்ணைக்காரரின் மகள் ஹெலன், ஹென்றி என்ற சின்ன மகனோடு தனியாக வாழ்ந்தவள், அவனைக் கட்டினாள். ஹென்றி றொப்பின் பிள்ளை இல்லை. றொப்புக்கு நல்ல குரல், நல்ல மரியாதை. அவளுக்குக் களைப்பு என்று அவனே சொல்வான். கொஞ்சக் காலத்தில் அவள் வேலைக்குப் போவது நின்றுவிடும். இந்த உடுப்பு வேண்டாமே என்பான். அவள் மாற்றிக்கொண்டு வருவாள். பிறகு கார் ஓட்டுவது நின்றது. சிநேகிதியின் தொலைபேசி அழைப்பு நின்றது. ஹெலனுக்கு மனம் சரியில்லை என்று அவளைப் பெற்றவர்களையே நம்பவைத்தான். மருமகன் தங்கம் என்றுதான் அவர்கள் இருந்தார்கள். எங்கள் சனத்துக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது.

இதை வானொலிக்கு என்றே பிறந்த கதை என்பேன். தொலைக்காட்சியாக இருந்தால் கண் காயத்தைத் தேடும். கண்டதும் விசயம் விளங்கிவிட்டது என்று மனம் அடங்கிவிடும். வானொலியில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. சமையலறையில் கோப்பை கழுவுகிற சத்தம், கதிரை இழுபடுகிற சத்தம், அதற்கு மேல் அந்த மெதுவான குரல். ஹெலன் ஒரு வசனத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, “மன்னித்துக்கொள்” என்பாள். இரண்டரை ஆண்டுகள் அவள் அந்தச் சொல்லைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, ஆசிரியை அம்மா கைத்தடியால் றேடியோவை அடிக்கப் போன நாள் உண்டு.

இப்படி ஒருவரை அடக்கி ஆள்வதையே தனிக் குற்றமாக்கிய சட்டம் இங்கே 2015 டிசம்பர் 29இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள்வரை சிறை. 2016 ஏப்ரல் 3, ஞாயிறு இரவு, ஹெலன் றொப்பைக் கத்தியால் குத்தினாள். வயிற்றில் அவனுடைய பிள்ளை. கொலை முயற்சி வழக்கு. அவள் மறியலில், ஹென்றி அவனிடம். பேரனைப் பார்ப்பதற்குப் பாட்டனும் பாட்டியும் அலைய வேண்டியிருந்தது. காவலில் இருக்கும்போதே குழந்தை பிறந்தது. தாய் ஜாக் என்று கூப்பிட்டாள், தகப்பன் கிடியன் என்று கூப்பிட்டான். ஒரே தொட்டிலில் ஒரு குழந்தை, இரண்டு பெயர்.

அந்த மாதங்களில் பேருந்தில், கடையில், மருத்துவரின் காத்திருப்பு அறையில், எங்கும் இதே கதை. ஹெலனின் பெயரில் ஒரு நேயர் நிதி திரட்டத் தொடங்கினார். உண்மையான பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் ‘றெஃபியூஜ்’ என்ற அமைப்புக்கு ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. இல்லாத ஒரு பெண்ணுக்காக இவ்வளவு காசா என்று என் மனுசி வாயைப் பிளந்தாள்.

கோடு, வழக்கு என்றால் நாங்கள் கேட்டு வளர்ந்தது வேறு. ‘பராசக்தி’ படத்தின் நீதிமன்றக் கட்டத்தை வீட்டுக்கு ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1984இல் ‘விதி’ வந்தபோது வசனக் கசெட் தேநீர்க் கடைகளில் ஓடியது. படத்தைப் பார்க்காத நாங்கள் நடிகை சுஜாதாவின் குறுக்கு விசாரணையைக் காதால் பாடமாக்கினோம். அப்புக்காத்து எழும்பினால் கூரை அதிர வேண்டும், கடைசியில் உண்மை தானாக வெளியே வர வேண்டும். அந்த நம்பிக்கையோடுதான் ஹெலனின் வழக்கையும் கேட்க உட்கார்ந்தேன்.

2016 செப்டெம்பர் 11ஆம் திகதி ஒரு மணித்தியாலச் சிறப்பு ஒலிபரப்பு. பன்னிரண்டு ஜூரிமார் ஓர் அறைக்குள் இருந்து வாதாடினார்கள். ஐலீன் அட்கின்ஸ், கத்தரீன் டேட், நைஜல் ஹேவர்ஸ் போன்ற பெரிய நடிகர்கள் அந்த அறைக்குள். நேயர்கள் எல்லோரும் அந்தச் சமையலறைக்குள் இருந்தவர்கள். எது நடந்தது, எந்தக் குரலில் நடந்தது என்று அறிந்தவர்கள். தீர்ப்புச் சொல்லப் போகிற பன்னிரண்டு பேர்தான் எதையும் கேட்டிராதவர்கள். அவள் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்று ஒருவர் கேட்கிறார். ஆசிரியை அம்மா இங்கேயிருந்து பதில் சொல்கிறார். அது அங்கே கேட்கவா போகிறது? நான் கேட்ட வழக்கு நாடகங்களில் இவ்வளவு பதற்றம் தந்தது வேறில்லை. யாருமே குரலை உயர்த்தி வசனம் பேசவில்லை என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. அந்தக் கையோடு பிள்ளைகள் விசயமும் முடிந்தது. ஹென்றியை றொப் பார்க்கக் கூடாது. ஜாக்கை இன்னொருவரின் மேற்பார்வையில் பார்க்கலாம்.

இந்தக் கடைசிப் பகுதியில்தான் எனக்கு நாடகத்தோடு மனத்தாங்கல். அதற்குக் காரணம் என்னோடு வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அவவின் கதையை எழுத முடியாது. குடும்பக் கோட்டில் நடந்ததை வெளியே சொல்லச் சட்டம் இலேசில் இடம் தராது, மனச்சாட்சியும் இடம் தராது. அங்கே போய் அவ திகைத்த விதத்தை மட்டும் சொல்லலாம். “கோடு எண்டு சொல்லி ஒரு ஒபிஸ் அறைக்குள்ளை கொண்டுபோய் இருத்தினாங்கள் தம்பி. நீதவான் மேசைக்கு அங்காலை, நாங்கள் இஞ்சாலை. கூண்டும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாரும் அவ்வளவு பண்பாக் கதைக்கினம். எனக்கு அதுதான் பயம் வந்தது.”

சட்டம் என்னவோ நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம். நீதிபதி கவனிக்க வேண்டியவற்றின் பட்டியலில் முதலாவதாக இருப்பது பிள்ளையின் விருப்பமும் உணர்வும். அதைக் கேட்டறிந்து அறிக்கை எழுத ‘காஃப்காஸ்’ என்ற அமைப்பிலிருந்து ஓர் அலுவலர் வருவார். ஆனால் 2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்தக் குடும்ப வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கச் செலவில் சட்டத்தரணி கிடையாது. வீட்டு வன்முறைக்கு ஆதாரம் காட்டினால் விலக்கு உண்டு. றொப்பைப் போன்றவனுக்கு எதிராக என்ன ஆதாரம் காட்டுவது? அந்தக் குரலைக் கடிதத்தில் எழுதி மருத்துவரிடம் கையெழுத்து வாங்க முடியுமா? பல பேர் தங்கள் வழக்கைத் தாங்களே பேசினார்கள். கொடுமை செய்தவனே எழும்பி நின்று அவளைக் குறுக்கு விசாரணை செய்த நிலையும் இருந்தது. அதைத் தடுக்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

கதவு மூடியிருப்பது பிள்ளைகளுக்காக என்கிறார்கள், அது நியாயம். ஆனால் அதற்குள் என்ன நடக்கும் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. பெயர்களை மறைத்துப் பத்திரிகையாளர் எழுதலாம் என்று 2023இல் லீட்ஸ், கார்டிஃப், கார்லைல் நீதிமன்றங்களில்தான் முதலில் விட்டுப் பார்த்தார்கள். எங்கள் சனத்தில் இந்தக் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவும் உண்டு: வீட்டு விசயம் வெளியிலை போகக் கூடாது. அக்காவுக்கு முதலில் வந்த ஆலோசனை, கோயிலில் பழக்கமான ஒரு பெரியவரிடம் கதைத்துப் பார் என்பது. பெரியவரும் கதைத்தார். மாப்பிள்ளை நல்ல மரியாதையான ஆள் என்று திரும்பி வந்து சொன்னார்.

நாடகத்தின் கதையை அக்காவுக்கு நான்தான் சொன்னேன். றொப் கிராமத்துக்குத் திரும்பி வந்ததையும், மூளைக் கட்டியால் 2023இல் இறந்ததையும் சொன்னபோது அவ பெரிதாக அசையவில்லை. தீர்ப்பு வந்த விதத்தைக் கேட்டதும்தான் கையிலிருந்த கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“அவள் பிள்ளைகளின்ரை வழக்குக்குச் சி100 படிவம் நிரப்பினவளோ?”

“அதைப் பற்றி ஒண்டும் கேட்கேல்லை அக்கா.”

“வழக்குக்குத் தவணை போட்டவங்களோ? பிள்ளையை ஏத்தி இறக்க ஆர் போறது, நத்தாருக்கு ஆரோடை, பள்ளிக்கூடக் கடிதம் ஆருக்கு வரும், அதெல்லாம் எழுதினவங்களோ?”

“இல்லை.”

“அப்ப உந்த நாடகம் எழுதினவனுக்குப் பிள்ளைகள் இல்லைப் போலை” என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை தனக்குப் பதிலாக நான் வேலைக்கு வர ஏலுமோ என்று கேட்டா.