ஒரு ஜாயின்ட்டுக்காக ஒரு கார் கம்பெனி

மெக் படிக்கிற எல்லாருக்கும் ஹூக்ஸ் ஜாயின்ட் தெரியும். கைனமேட்டிக்ஸ் பேப்பரில் கட்டாயம் ஒரு கணக்கு வரும். ஃபார்முலாவில் கோணத்தைப் போட்டு, அதிகபட்ச வேகம், குறைந்தபட்ச வேகம் கண்டுபிடித்து, விடையைச் சுற்றிக் கட்டம் போட்டால் மார்க் வந்துவிடும். பரீட்சை முடிந்த மறுநாளே அது மறந்தும் போகும். எனக்கு மட்டும் மறக்கவில்லை. அந்தக் கணக்கில் இருக்கிற ஒரு தொல்லையோடு மல்லுக்கட்டி, பிரான்ஸில் ரெண்டு பேர் ஒரு கார் கம்பெனியே நடத்தினார்கள் என்று படித்ததுதான் காரணம். கம்பெனியின் பெயர் டிராக்டா.

முதலில் அந்தத் தொல்லையைப் பார்த்துவிடலாம். ஒரு ஷாஃப்ட் சீராகச் சுற்றுகிறது. அதோடு ஹூக்ஸ் ஜாயின்ட் வழியாக இன்னொரு ஷாஃப்ட்டை 30 டிகிரி சாய்த்து இணைக்கிறோம். முதல் ஷாஃப்ட் 1000 ஆர்பிஎம் என்றால், ரெண்டாவது 866-க்கும் 1155-க்கும் நடுவில் ஏறி ஏறி இறங்கும். அதுவும் ஒரே சுற்றில் ரெண்டு தடவை! லாரிக்கு அடியில் ஓடுகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இதைச் சமாளிக்கலாம். ரெண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட் வைத்து, ரெண்டு கோணமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், ஒன்று பண்ணுகிற தப்பை இன்னொன்று சரிசெய்துவிடும்.

ஆனால் முன்சக்கரத்தையே இன்ஜின் சுற்ற வேண்டும் என்றால்? அதே சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்பவும் வேண்டும். அங்கே நீளமான ஷாஃப்ட்டுக்கு இடமே இல்லை. ஒற்றை ஜாயின்ட் வைத்தால், வளைவில் திருப்பும்போதெல்லாம் சக்கரம் விட்டு விட்டு இழுக்கும், ஸ்டியரிங் கையில் உதறும். முன்சக்கர டிரைவ் என்பது ரொம்பப் பழைய ஆசைதான். அது பரவலாகாமல் போனதற்கு இந்த உதறல் ஒரு பெரிய காரணம்.

1920-களில் பிரான்ஸ் முழுக்கச் சின்னச் சின்ன கார் கம்பெனிகள். அமில்கார், சால்ம்சன், பிஎன்சி என்று 1100 சிசி ரேஸ் கார்களுக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர்தான் ழான்-ஆல்பெர் கிரெக்வார். பாரிஸின் புகழ்பெற்ற எகோல் பாலிடெக்னிக்கில் படித்தவர், வெர்சாயில் கராஜ் நடத்தியவர். கூட்டாளி பியர் ஃபெனாய், எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஒருவரிடம் படிப்பு, ஒருவரிடம் காசு, ரெண்டு பேரிடமும் கார் பைத்தியம். 1926-ல் ஃபெனாய் பெயரில் ஒரு ஜாயின்ட்டுக்குக் காப்புரிமை பதிவானது.

அந்த ஜாயின்ட்டில் மொத்தமே நாலு பாகம்தான். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபோர்க். நடுவில் ரெண்டு துண்டு. ஒன்றில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் அந்த நாக்கு உட்காரப் பள்ளம். லாரி ஷாஃப்ட்டில் ஒரு ஆள் நீளத்துக்கு நடக்கிற வேலையை உள்ளங்கை அளவுக்குள் மடக்கிவிட்டார்கள். முதல் பாதியில் வேகம் கூடுகிற அதே நொடியில் அடுத்த பாதி அதைக் குறைத்துவிடும். உள்ளே போன வேகம் எதுவோ அதுவே வெளியே வரும். பால் பேரிங் கிடையாது. நல்ல மெஷின் ஷாப் இருந்தால் செய்துவிடலாம்.

செய்தால் மட்டும் போதுமா, எவன் நம்புவான்? அதனால் கார் செய்தார்கள். வெளியிலிருந்து ஸ்காப் கம்பெனி இன்ஜினை வாங்கி, தங்கள் ஜாயின்ட்டைப் போட்டு, 1927 ஜூனில் நேராக லே மான் 24 மணி நேரப் போட்டிக்கே கொண்டுபோய்விட்டார்கள். போட்டிக்கு முன்னால் ஒரு சாலை விபத்து. கிரெக்வாருக்குத் தலையில் அடி. கட்டுப் போட்டுக்கொண்டே இறங்கி, லூசியன் லெமெல் என்பவரோடு மாறி மாறி ஓட்டினார். அந்த வருஷம் கிளம்பியது 22 கார், முடித்தது ஏழு. டிராக்டா ஏழாவது. அதாவது கடைசி! ஆனால் 24 மணி நேரமும் அந்த ஜாயின்ட் தாங்கியது. அவர்கள் நிரூபிக்க வந்தது அதைத்தானே. 1929, 1930-லும் லே மானுக்குப் போய் முழு 24 மணி நேரமும் ஓடி முடித்தார்கள்.

கார் வியாபாரம் மட்டும் எடுபடவில்லை. 1934-ல் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஜாயின்ட் ஓடியது. ஜெர்மனியின் டிகேடபிள்யூவும் ஆட்லரும் லைசன்ஸ் வாங்கித் தங்கள் முன்சக்கர டிரைவ் கார்களில் போட்டார்கள். ரெண்டாம் உலகப் போரில் ஜீப்பின் முன் ஆக்ஸிலில் சில வகை ஜாயின்ட்கள் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதில் ஒன்று டிராக்டா. பிறகு ரெசெப்பா என்பவரின் பால் வைத்த ஜாயின்ட் முந்திக்கொண்டது. டிராக்டாவில் பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று உரசி நகரும், சூடாகும். ரெசெப்பாவில் எஃகு உருண்டைகள் நடுவில் நின்று அந்த உரசலைக் குறைக்கும். இன்று நம்ம ஊர் ஸ்விஃப்ட்டிலும் ஐ20-யிலும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பூட்டுக்குள் இருப்பது ரெசெப்பாவின் வம்சம்தான்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் டீமில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு பேர். மூணு பேருக்கு முழு எலக்ட்ரிக் பக்கி செய்ய ஆசை. "முழு வண்டி நின்னாதான்டா ரிவ்யூல வெயிட்டா இருக்கும். ஜாயின்ட்டைக் கையில வச்சுக் காட்டினா சிரிப்பாங்க" என்கிறான் ஒருத்தன். நான் கேட்பது சின்ன விஷயம். டிராக்டா மாதிரி ஒரு ஜாயின்ட்டை லேத்தில் செய்வோம். உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு என்கோடர் மாட்டி 10, 20, 30 டிகிரியில் வேகத்தை அளப்போம். பக்கத்திலேயே ஹூக்ஸ் ஜாயின்ட்டையும் ஓடவிட்டு ரெண்டு கிராஃபையும் ஒப்பிடுவோம்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கு. லே மானில் அந்த முழுக் கார் ஓடியிருக்காவிட்டால் அந்த ஜாயின்ட்டை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் கார் வருவதற்கு முன்னால் ஜாயின்ட் இருந்தது. நாங்கள் செய்யப்போகிற பக்கியில் மோட்டார் வாங்கியது, பேட்டரி வாங்கியது, கன்ட்ரோலர் வாங்கியது. வெல்டிங்கைத் தவிர எங்களுடையது என்று அதில் எது? டிராக்டாவும் இன்ஜினை வாங்கித்தான் போட்டது. ஆனால் "இது எங்களுடையது" என்று காட்ட அவர்களிடம் நாலு பாகம் இருந்தது.

அடுத்த வாரம் டைட்டில் கொடுக்க வேண்டும். மூணு பேரில் ஒருத்தன் இப்போதே "என்கோடர் என்ன விலைடா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறான்.