வகரம் பிறக்கும் இடம்

வகரம், பல்லும் இதழும் கூடிப் பிறக்கும் எழுத்து. தொல்காப்பியமும் நன்னூலும் அப்படித்தான் சொல்கின்றன. பள்ளியில் படித்தபோது எங்களுக்கு அது இரண்டு மதிப்பெண் விஷயம், அவ்வளவே. அதன் பொருள் விளங்கியது, அம்மா மேல்வரிசை முன்பற்களை இழந்த பிறகுதான்.

மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் நாங்கள் மூவரும் வளர்ந்தோம். அம்மாவுக்கு நல்ல குரல். மார்கழி விடியலில் மாட வீதிகளைச் சுற்றிவரும் பஜனைக் கோஷ்டியில் அவள் குரலைத் தனியே பிரித்துக் கேட்க எங்களால் முடியும். ஒரு வருடம் வாசலில் கோலம் போட்டதோடு உள்ளே வந்துவிட்டாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நாங்களும் நம்பினோம். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பழக்கம் அவளுக்கு வந்ததும் அந்த வருடம்தான் என்பது வெகுகாலம் கழித்தே எங்களுக்கு உறைத்தது.

அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். மாதத் தொடக்கத்தில் அம்மா எழுதும் பட்டியலில் வாடகை, பால், பள்ளிக் கட்டணம் எல்லாம் இருக்கும், பல் இருக்காது. காய்ச்சலைத் தள்ளிப்போட முடியாது, பல்லைத் தள்ளிப்போடலாம். வலித்தால் கிராம்பு இருந்தது. கிராம்பு எண்ணெய் நரம்பை மரக்கச் செய்யுமே தவிர, சொத்தையை அடைக்காது. வலி நின்றதை நோய் நின்றதாக எடுத்துக்கொண்டோம்.

வலி பொறுக்க முடியாத ஒரு நாளில் அடையாறில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். வேர்ச் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டும் என்று அவர் சொன்ன தொகை, அப்பாவின் சம்பளத்தில் பாதிக்கு மேல். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “எடுத்துடறதுக்கு எவ்வளவு ஆகும் டாக்டர்?”

அந்தக் கேள்விதான் எங்களைப் போன்ற குடும்பங்களின் பல் மருத்துவம். சிறு குழியாக இருக்கும்போது ஒரே நாளில் அடைத்துவிடலாம். அது பல்லின் உள்ளே உள்ள கூழை எட்டிவிட்டால் வேர்ச் சிகிச்சை, உறை என்று செலவு பல மடங்காகும். அந்தப் படியில் நின்று பார்த்தால் பிடுங்குவதே மலிவு. பிறகு பக்கத்துப் பற்கள் இடைவெளியில் சாயத் தொடங்கும். மெல்லுவது ஒரு பக்கமாகும். அம்மாவுக்குப் பின்னாளில் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. சொத்தையே இல்லாத முன்பற்கள் ஆடி விழுந்தது அப்படித்தான்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாக 1953-இல் தொடங்கியது. 1997 முதல் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் நேரே அங்கே இறங்கலாம். நாங்கள் போகவில்லை. காசு வாங்காத இடத்தில் பிடுங்கத்தான் செய்வார்கள் என்று யாரோ சொன்னதை விசாரிக்காமல் நம்பினோம். இல்லாமையைவிட, இல்லாதவர்கள் என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

கடைசியில் அம்மாவை அங்கே அழைத்துப்போனது, நாங்கள் மூவரும் சம்பாதிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்தபின். பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் அடைக்கிறார்கள், சுத்தம் செய்கிறார்கள், வேர்ச் சிகிச்சை செய்கிறார்கள், பல் செட்டும் செய்து தருகிறார்கள். அங்கே கொடுக்க வேண்டியது நேரம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த ஆட்டோ ஓட்டுநர், மூன்றாவது முறையாக வருவதாகவும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வருமானம் போவதாகவும் சொன்னார். இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு.

பல் செட்டுக்கு அளவெடுத்து, மெழுகில் பற்களைப் பதித்து முதலில் பொருத்திப் பார்ப்பார்கள். அன்று அந்த இளம் மருத்துவர் அம்மாவிடம், “வா, வீடு, வெற்றிலைன்னு சொல்லுங்கம்மா” என்றார். மேற்பல் இதழை எங்கே தொடுகிறது என்று பார்க்க அதுதான் வழியாம். இலக்கணப் புத்தகத்தில் இருந்தது கண்ணெதிரே நடந்தது. அம்மா ஒருமுறை சொன்னாள். மறுபடியும், யாரும் கேட்காமலே, சொன்னாள்.

சிறுவயதில் ரோஸ் நிறக் கோபால் பல்பொடியைத் தேய்த்ததைவிடத் தின்றதே அதிகம். கரியும் செங்கல் தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும் என்பது தெரியாது. ஃபுளோரைடு கலந்த பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அட்டையில் ஃபுளோரைடு என்றும் 1000 பிபிஎம் என்றும் இருந்தால், மலிவான பசையும் சொத்தையைத் தடுக்கும். இரவு படுக்கும்முன் தேய்ப்பது, துப்பியபின் நிறையத் தண்ணீர்விட்டுக் கொப்பளிக்காமல் இருப்பது, சர்க்கரை போட்ட காபியின் தடவைகளைக் குறைப்பது: இவற்றுக்குச் செலவே இல்லை. எங்கள் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அம்மா இப்போது சமையலறையில் பாடுகிறாள். வகரம் வருகிறது, சகரத்தில் மட்டும் ஒரு சிறு சீழ்க்கை. கோஷ்டிக்கு வா என்றால் சிரிக்கிறாள், தலைப்பால் மூடாமல். ஆனால் போவதில்லை. உடன் பாடியவர்களில் பலர் இப்போது இல்லை என்கிறாள்.

எங்களில் இளையவனின் கடைவாய்ப் பல்லில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. வலி இல்லை. அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக் கோட்டைக்குப் போகிறோம்.