ஞாபகம் இல்லை என்று சொன்னேன்

பைராம் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்தேன். என் கையெழுத்துக்கு அங்கே ஒரு மவுசு உண்டு. பள்ளிக்கூடப் பாரமோ, இபிஎஃப் சேமநிதி வாரிசுப் பாரமோ, எதுவானாலும் "கிராணிகிட்ட ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்பார்கள். நான் மறுத்ததில்லை. பேனா மூடியைக் கழற்றும்போதே எதிரில் நிற்பவர் முகம் தெளியும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம். பல பாரங்களை வாசித்ததுகூட இல்லை. ஆனால் நான் சொல்லப்போகும் இந்த ஒன்றை, ஓர் உயிலை, வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு உயில் புதுசு. கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பர் போய் செம்பனை வந்த இத்தனை காலமும் குடியிருந்தது கம்பெனி லயத்தில். செத்தால் விட்டுப்போகத் தகரப்பெட்டியும் சாமிப் படமும்தான். தோட்டத்தை வைத்திருந்த ராம்ஸ்டன் குடும்பத்துக்கு அப்படியில்லை. பைராம் என்ற பெயரே யார்க்‌ஷயரில் அவர்களுக்கிருந்த மாளிகையின் பெயர். தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் எழுதிக் கைமாற்றியவர்கள். 1948-இல் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பக்கத்துக் கலிடோனியா பங்களாவில் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கதையைச் சொல்லாத கிழவர் எங்கள் பக்கம் கிடையாது. அவர்கள் சொத்து எந்தக் காகிதத்தில் யாருக்குப் போனது என்று கேட்டவரும் கிடையாது.

நான் கையெழுத்துப் போட்ட உயில் பெரியம்மாவுடையது. அவர் லயத்தை விட்டு நிபோங் திபாலில் சொந்த வீடு வாங்கியவர். எனக்கு ரத்த உறவில்லை. வாய் நிறையக் கூப்பிட்ட உறவு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், வயிற்றில் பிள்ளை இல்லை. அடுத்த வீட்டில் தாயில்லாமல் நின்ற குழந்தையை மூன்று வயதில் தூக்கி வந்து வளர்த்தார். ஊருக்கே அவள் பெரியம்மா மகள். தத்துப் பத்திரம் மட்டும் போடவில்லை. பாரம் எழுதிக்கொடுக்கவே பிறந்தவன்போலப் பக்கத்தில் இருந்த நானும் அதை நினைவுபடுத்தவில்லை.

2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பற்றிப் புகைந்தது பலருக்கு நினைவிருக்கும். எனக்கு இழுப்பு உண்டு. அந்த வாரம் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன். காலை பத்து மணிக்குப் பெரியம்மா கூப்பிட்டனுப்பினார், போகவில்லை. மாலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். உணவு மேசையில், முறுக்கு டின் மேல், உயில் இருந்தது. வீடும் சேமிப்பும் மகளுக்கு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் அவளுக்கே. பெரியம்மா காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். முதல் சாட்சியான ஓய்வுபெற்ற ஆசிரியரும் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்.

என் பெயருக்கு மேலே இரண்டு வரி. எழுதியவர் எங்கள் இருவர் முன்னிலையிலும், இருவரும் ஒரே நேரத்தில் கூட இருக்கையில், கையெழுத்திட்டார் என்று. வாசித்தேன். மறுபடி வாசித்தேன்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"சும்மா, வழக்கமா எழுதுறதுதான் பெரியம்மா."

போட்டுவிட்டு, டின்னைத் திறந்து இரண்டு முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். இபிஎஃப் பாரம் பழகிய கை. முஸ்லிம் அல்லாதவர் யார் பெயரைக் குறிப்பிட்டாரோ அவருக்கு அந்தப் பணம் நேராகப் போய்விடும். உயிலையும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. தப்பு என்று அந்த நிமிடமே தெரியும். ஆசிரியரை மறுபடி கூப்பிட வேண்டும், புதுத்தாள் எடுக்க வேண்டும். புகை வேறு. அதன் பிறகு பெரியம்மா பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார். எந்த நாளில் வேண்டுமானாலும் திருத்தியிருக்கலாம். அவர் போவதற்கு முன்பே ஆசிரியரும் போய்விட்டார்.

கருமாதி முடிந்த கையோடு பெரியம்மாவின் தம்பி வழக்கறிஞரைப் பிடித்தார். அக்காவுக்குக் கடைசியில் புத்தி தெளிவில்லை, கையெழுத்திலும் சந்தேகம் என்று உயர் நீதிமன்றத்தில் கேவியட் என்ற தடைமனு போட்டார். உயிலை உறுதிப்படுத்தும் புரோபேட் நின்றது. ஜார்ஜ் டவுனில் லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் வழக்கறிஞரிடம் என்னையும் அழைத்துப் போனாள் அந்தப் பெண். பயந்துபோயிருந்தாள். வழக்கறிஞர் நிதானமானவர்.

"மாமா கேஸ் போட்டதாலேயே உன் உரிமை போயிடாதும்மா. உயில் இல்லேன்னா 1958 பங்கீட்டுச் சட்டம். அதுல புருஷன், பிள்ளை, பெத்தவங்க யாரும் இல்லேன்னா கூடப்பிறந்தவருக்குப் போகும். பத்திரம் இல்லாத வளர்ப்பு மகளுக்கு ஒரு சென் கிடையாது. உயில் நின்னா எல்லாம் உனக்கு. குடும்பத்துல என்னை விட்டுட்டாங்கன்னு 1971 சட்டத்துல கேக்கலாம். ஆனா அது புருஷன் பெண்டாட்டி, சில பிள்ளைங்களுக்கு மட்டும். தம்பிக்கு அந்த வழி இல்லை. உயிலை உடைச்சாத்தான் அவருக்கு ஏதாவது."

எப்படி உடைப்பார் என்பதையும் சொன்னார். 1997-இல் டாக்டர் சண்முகநாதன் எதிர் பெரியசாமி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது: உயிலைக் கொண்டுவருபவர்தான் எழுதியவர் தெளிவோடு இருந்தார், முறைப்படி கையெழுத்தானது என்று நிரூபித்துச் சந்தேகங்களையும் போக்க வேண்டும். மோசடி, கட்டாயம் என்பவர் அதை நிரூபிக்க வேண்டும். பெரியம்மாவின் தெளிவுக்கு டாக்டர் சீட்டு இருந்தது. கையெழுத்து முறைக்கு உயிரோடு இருந்த ஒரே ஆள் நான். 1959 உயில் சட்டத்தின் 5-ஆம் பிரிவை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சார் இருந்தீங்க?"

ஆமாம் என்றால் பொய்ச் சத்தியம்; ஏழு வருடம் வரை சிறை என்று எனக்குத் தெரியும். இல்லை என்றால் வீடு தம்பிக்கு. அதோடு, கிராணி வாசித்துவிட்டும் தப்பாகப் போட்டான் என்று ஊர் பேசும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சிறையைவிட எனக்கு இந்தக் கடைசிதான் பெரிதாகப்பட்டது.

"ஞாபகம் இல்லை சார். வயசாச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாட்சி மறந்துவிட்டாலே உயில் செத்துவிடாது, தாள் பார்வைக்கு ஒழுங்காக இருந்தால் நீதிமன்றம் ஏற்கவும் இடமுண்டு என்று வழக்கறிஞர் பிறகு அவளிடம் சொன்னாராம். ஆனால் குறுக்கு விசாரணையில் நான் என்ன உளறுவேனோ என்ற பயம் அவருக்கு. சமரசம் பேசினார்கள். 2024-இல் வீட்டை விற்றுப் பாதி தம்பிக்குக் கொடுத்தாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மீதிப் பாதியும் போயிருக்குமே, என் மறதிதானே அதைக் காப்பாற்றியது என்று இரவில் எனக்கு நானே வாதாடுவேன். கெட்டிக்கார வாதம். ஆனால் அந்த அறையில் நான் காப்பாற்றியது என்னைத்தான்.

அவள் இப்போது சிம்பாங் அம்பாட்டில் வாடகை வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வருகிறாள். எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதென்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். மாத்திரைப் பெட்டியில் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறாள். அடுப்பை அணைக்கச் சொல்லிச் சுவரில் ஒரு தாள். எதையும் இரண்டு தடவை, மெதுவாகச் சொல்லுகிறாள். போன வாரம் தோசைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க பார்ப்போம்?"

கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல இருந்தேன்.

"வியாழனா?" என்றேன்.